மாட்டுப்பட்டிப் பால்

கொழுந்து நிறுக்கும் தராசில் பூனையை நிறுத்துப் பார்க்கலாம் என்று சொன்னது கீழ் லயத்து அக்கா. 1987 ஏப்ரல். மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் மாலை நாலரை மணி. கொழுந்துப் பைகளை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கொட்டகை உத்தரத்தில் தொங்கிய வில் தராசின் கொக்கியில் ஒரு சாக்கு. சாக்குக்குள் அம்மு. தலையை மட்டும் வெளியே நீட்டி, யாரையும் பார்க்காமல், கோவிலில் துலாபாரத்துக்கு உட்கார வைத்த குழந்தை மாதிரி விறைத்துக்கொண்டிருந்தாள். முள் இரண்டு கிலோவுக்குக் கீழேயே நடுங்கி நின்றது.

“சாக்கோட சேத்தா இம்புட்டு?” என்றாள் அக்கா.

பின்னால் நின்ற கிழவி ஒருத்தி, “ஈரத்துக்குன்னு ஒரு கிலோ கழிச்சா பூனையே மிஞ்சாது, ஏட்டி” என்றாள். வரிசையே சிரித்தது. எடை எழுதும் ஆள் மட்டும் சிரிக்கவில்லை. நனைந்த கொழுந்துக்கும் சாக்குக்கும் எடை கழிப்பது எஸ்டேட்டுகளில் வழக்கம். எவ்வளவு கழிப்பது என்பதில் நிறுக்கிறவருக்கும் பறித்தவளுக்கும் கணக்கு ஒத்துப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒன்றரை வயதுப் பூனை அது. மூன்று கிலோவுக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். அந்தக் கோலத்துக்குக் கொண்டுவந்து விட்டவர்கள் நாங்கள்தான். பட்டினி போடவில்லை. தினம் மூன்று வேளை, வெண்கலக் கிண்ணத்தில், கெஞ்சிக் கெஞ்சித் தின்ன வைத்து.

எங்கள் வீடு பாலக்காட்டில், பழைய கல்பாத்தியில். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் ஓட்டு வீடுகள். முன்னால் திண்ணை, பின்னால் கொல்லை, அதற்கப்பால் ஆறு. காசியில் பாதி கல்பாத்தி என்று சொல்லிக்கொள்கிற ஊர். 1985 தேர் முடிந்த மறுநாள், பொரிக்கடைக்காரர்கள் கடையைப் பிரித்துப் போட்டிருந்த இடத்தில், ஒரு கூடைக்கு அடியில் அவளைக் கண்டெடுத்தேன். உள்ளங்கை அளவு. பாட்டி முதலில் “ஆத்துக்குள்ள விடாதே” என்றாள். மூன்றாம் நாள் அவளே நெய்ச்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள்.

முதல் வருஷம் அம்மு நன்றாகவே வளர்ந்தாள். பாட்டியின் தயிர்சாதத்தைத் தின்றுதான் அப்படி மினுமினுக்கிறாள் என்று தெருவில் எல்லோருமே சொன்னார்கள். பாட்டிக்கும் அதில் பெருமை. கொல்லையிலும் ஆற்றங்கரையிலும் எலியும் ஓணானும் அணிலும் அவளுக்குத் தனியாக இலை போட்டுக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது 1986 நவராத்திரி. நான்காம் நாள் காலை, கொலுவில், செட்டியார் பொம்மைக்கும் அவர் கடை விரித்திருந்த பருப்பு வகைகளுக்கும் நடுவே, தலையில்லாத எலி ஒன்று. வரிசை கலையாமல், கொலுவுக்கு அவள் கொண்டுவந்த பொம்மை மாதிரி, பாங்காக வைத்திருந்தாள். சுண்டலுக்கு வந்திருந்த மாமி போட்ட சத்தம் கோவில் வரை கேட்டிருக்கும்.

பாட்டி பூனையை விரட்டவில்லை. அடைத்தாள். கொல்லைக் கதவுக்குத் தாழ். பகலில் ரேழித் தூணில் நீளக் கயிறு, இரவில் நெல் வைக்கும் அறை. “துஷ்ட சகவாசம் போனா எல்லாம் சரியாப் போகும், கேட்டயா” என்றாள். அன்றிலிருந்து அம்மு முழுச் சைவம்.

தையில் முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது. ரோமம் பழைய தேங்காய் நார் மாதிரி ஆயிற்று. மாசியில் ஒரு நாள் அவிழ்த்துவிட்டபோது, எப்போதும் ஒரே தாவில் ஏறும் கிணற்றுக் கட்டையில் ஏறப் போய், முன்னங்கால் மட்டும் பட்டுச் சரிந்து விழுந்தாள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, எதுவும் நடக்காதது போல் காலை நக்கிக்கொண்டாள். அந்தப் பாசாங்கைத்தான் எனக்குப் பார்க்க முடியவில்லை.

“தேகம் க்ஷீணிச்சுப் போச்சு” என்று பாட்டி வைத்தியத்தில் இறங்கினாள். பாலைக் கூட்டினாள், பூனைக்கு வயிறு போயிற்று. வயிறு கட்டத் தயிர். பலத்துக்கு நெய். கண்ணுக்கு நல்லதென்று மத்தங்காய் எரிசேரியில் உப்பு, காரம் சேர்ப்பதற்கு முன்பே எடுத்து வைத்த தனிப் பங்கு. ஒரு பிறந்தநாளுக்குப் பாலடைப் பிரதமன்கூட வைத்தாள். அம்மு மேலே மிதந்த நெய்யை மட்டும் நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாட்டிக்கு அது பெரிய அவமானம். அவள் பிரதமனை வேண்டாமென்ற ஜீவன் அதுவரை பிறந்ததில்லை.

மிருகாசுபத்திரிக்கு நான்தான் தூக்கிப் போனேன். டாக்டர் மலையாளி, பெரும்பாலும் பசுவும் எருமையும் பார்க்கிறவர். வயிற்றை அமுக்கினார், ஈறைத் திருப்பிப் பார்த்தார், குடல் பூச்சிக்கு மருந்து எழுதினார். “எந்தா கொடுக்கறது?” என்றார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, கதவுக்கு வெளியே யாருக்கும் கேட்காதபடி, “மீனு கொடுக்கணம், கேட்டோ” என்றார்.

மீன்காரர் சைக்கிளில் வருவார். பின்னால் மரப்பெட்டி, வாயில் நீண்ட கூவல். எங்கள் தெருவுக்குள் வரமாட்டார்; ஒலவக்கோட்டுச் சாலை திரும்பும் இடத்தில் நின்று கூவுவார். அங்கே போய்க் கொஞ்சம் மத்தி வாங்கினேன். தேக்கிலையில் சுற்றி வாழைநாரால் கட்டிக் கொடுத்தார். ஆற்றுப் படிக்குப் பக்கத்தில் பச்சையாகவே அம்முவுக்கு வைத்தேன். ஒரு முறை மோந்தாள். அப்புறம் தொண்டையில் ஒரு உறுமல். அப்படியொரு குரல் அவளிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்று மீனை மென்றுகூடப் பார்க்காமல் விழுங்கினாள். வீட்டுக்கு வந்து, பாட்டி பாராயணத்துக்கு விரித்திருந்த பாயில் அத்தனையையும் கக்கினாள்.

பாட்டி என்னைக் கிணற்றடியில் நிறுத்திக் குடம் குடமாகத் தலையில் கொட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த வாரம்தான் அத்தையின் இன்லண்டு கடிதம் வந்தது. அத்திம்பேர் மூணாற்றில் எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தா. அத்தையின் கடிதம் எதிலும் மாட்டுப்பட்டிப் பால் வராமல் இருக்காது. மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டியில் 1963இல் இந்திய-சுவிஸ் கால்நடைத் திட்டம் தொடங்கினார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து பழுப்புநிறக் காளைகளைக் கொண்டுவந்து நம் நாட்டுப் பசுக்களோடு சேர்த்து, சுநந்தினி என்று ஒரு புது இனத்தையே உண்டாக்கினார்கள். அந்த வழி வந்த மாட்டின் பாலில் காப்பி போட்டால் டம்ளரில் ஆடை அப்பளம் மாதிரி நிற்கும் என்பது அத்தையின் வர்ணனை. பாட்டி கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, “லீவுக்கு அங்கதானே போகப்போறாய்? அதையும் கொண்டு போ. சுவிஸ் பாலாக்கும். கொஞ்சம் தடிக்கட்டும்” என்றாள்.

மீனைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அத்திம்பேர் வந்து அழைத்துப் போனார். பொள்ளாச்சி, உடுமலை, அங்கிருந்து சின்னாறு வழியாக மலையேறும் பஸ். பாலக்காட்டில் அப்போது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அம்மு மூடுகூடைக்குள் நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடந்தாள். சின்னாறு செக்போஸ்ட்டில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கூடையைத் தட்டி, அரிசியா சாராயமா என்று கேட்டார். உள்ளேயிருந்து ஈனமாக ஒரு சத்தம். மூடியைத் திறந்து பார்த்தவர், “பூச்சையோ!” என்று அத்திம்பேரை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன், மூணாற்றில் பூனை கிடைக்காதா?” அத்திம்பேர் மானம் போன முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மறையூர் தாண்டியதும் காற்று மாறியது. கரும்பு வயலும் சர்க்கரை காய்ச்சும் புகையும் பின்னால் போக, தேயிலை தொடங்கிய இடத்தில் எனக்கு ஸ்வெட்டர் எடுத்துக் கொடுத்தார். அம்மு கூடைக்குள் எழுந்து உட்கார்ந்தாள்.

மாட்டுப்பட்டிப் பால் இரண்டு நாள் கொடுத்தோம். நல்ல பால்தான். இரண்டாம் நாள் இரவே வயிறு போயிற்று.

குமாஸ்தா குவார்ட்டர்ஸ் மேட்டில். தொழிலாளர்களின் லயம் கீழே, சரிவில், ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக அறைகள். அத்தை வீட்டுக்கு விறகு கொண்டுவந்த அக்கா, படியில் சுருண்டிருந்த பூனையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, கல்யாணமாகி மலைக்கு வந்தவள். “என்னம்மா, எலிய விட லேசா இருக்கு?” என்றவள் என் பக்கம் திரும்பி, “தம்பி, இத ஒரு மாசம் எங்கிட்ட விடுதியா?” என்றாள். அத்தை பதில் சொல்லாமல் உள்ளே போனாள். அத்தை உள்ளே போனால் சம்மதம் என்று அர்த்தம்.

முதல் மூன்று நாள் அக்கா திடமாக எதுவும் தரவில்லை. மீன்தலையை மஞ்சள் போட்டு வேகவைத்து வடிகட்டிய தண்ணீர், உப்பில்லை, வெங்காயமில்லை. அதையும் ஒரு கரண்டி, இரண்டு மணிக்கு ஒரு தரம். “காஞ்ச வயிறு. ஒரேயடியா போட்டா கக்கிரும்” என்றாள். தேக்கிலைப் பொட்டலம் நினைவுக்கு வந்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான்காம் நாளிலிருந்து கூழ். கொச்சியிலிருந்து ஐஸ் பெட்டியில் மலையேறி வரும் மத்தியை முள் கரைகிற வரை வேகவைத்துக் கையாலேயே மசிப்பாள். சோறு ஒரு சிட்டிகை, “இது ஒட்டுறதுக்கு, வயித்துக்கு இல்ல.” கோழி வெட்டுகிற அன்று கழுத்துத் தோல், கொழுப்பு, இரைப்பை. ஈரல் வாரம் இரண்டு தடவைக்கு மேல் கிடையாது. முட்டையில் மஞ்சள் கரு. கருவாடு என்றால் இரண்டு தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுத்த பிறகுதான்.

ஒரு விஷயத்தில் மிகக் கண்டிப்பு: எதையும் ஆறிப்போய் வைக்கக்கூடாது. “மோப்பம் இருந்தாத்தான் அது வாய வைக்கும். ஆறினா அதுக்கு அது மண்ணு.” காலை ஏழரைக்கு அவள் மலைக்குப் போய்விட்டால் மாலைதான் திரும்புவாள். அதனால் பகல் வேளைகள் என் பொறுப்பு. அடுப்புத் திட்டில், சாம்பல் மூடிய கனலுக்குப் பக்கத்தில் சட்டி இருக்கும். பத்து மணிக்கு ஒரு தரம், பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு. மேட்டிலிருந்து இறங்கி வந்து, விரல் பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடித்து வைப்பேன். பதின்மூன்று வயது வரை மீனைத் தொட்டதே இல்லாதவன். முதல் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். பத்தாம் நாள், மத்தியின் வயிற்றுப் பக்கம்தான் கொழுப்பு என்று விரலுக்கே தெரிந்திருந்தது. அம்மு தின்று முடித்ததும் அடுப்படிச் சாம்பலிலேயே தூங்கிவிடுவாள். மூக்கும் முன்னங்கால்களும் சாம்பல் பூசி, பண்டாரம் மாதிரி.

ஒரு நாள் மேட்டுக்குத் திரும்பியதும் அத்தை என் கையைப் பிடித்து மோந்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிழிந்து வைத்திருந்த எலுமிச்சை மூடியைக் கையில் திணித்து, “நகக்கண்ணுல நன்னா தேய்” என்றாள். அதற்கப்புறம் ரசத்துக்குத் தேவையோ இல்லையோ, தினமும் ஒரு எலுமிச்சை மூடி புழக்கடைச் சுவரில் காத்திருந்தது.

சனிக்கிழமை தோறும் எடை. முதல் வாரம் முள் நகரவே இல்லை. அக்கா சாக்கைக் குற்றம் சொன்னாள். இரண்டாம் வாரம் இரண்டைத் தாண்டியது. அதன்பின் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. தங்கள் பையை நிறுக்கும்போது வராத உற்சாகம் பூனைச் சாக்குக்கு வந்தது. மே கடைசிச் சனிக்கிழமை, சாக்கைக் கழித்தும் முள் மூன்றில் நின்றது. எடை எழுதும் ஆள் தன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். “அத எம் பேருல ஏத்துங்க” என்று கத்தினாள் கிழவி. அந்த ஆள் அன்றைக்குத்தான் சிரித்தார்.

அதே 1987 ஆகஸ்டில் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதியது. இதயம் வீங்கித் தளர்ந்து சாகும் பூனைகளின் ரத்தத்தில் டாரின் என்ற சத்து குறைந்திருப்பதையும், அதைக் கொடுத்தால் இதயம் தேறுவதையும் கண்டு சொன்னார்கள். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, டாரின் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை கெடும் என்று தெரிந்திருந்தது. எனக்கு இதெல்லாம் தெரிந்தது ரொம்பப் பின்னால், கோயமுத்தூரில் குடும்பம் நடத்தும்போது, பூனைத் தீவனப் பொட்டலத்தின் முதுகில் பொடி எழுத்தைப் படிக்கப் போய். படித்தவுடன் கிணற்றுக் கட்டையிலிருந்து சரிந்து விழுந்த அம்முதான் கண்ணில் வந்தாள்.

டாரின் இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. நம் உடம்பு தானே கொஞ்சம் செய்துகொள்ளும். பூனைக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. மத்தங்காயின் மஞ்சளை நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும், பூனையால் முடியாது. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது. 2005இல் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள்: பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது, அதற்கான மரபணு பழுதாகிக் கிடக்கிறது என்று. பாட்டியின் பிரதமன் தோற்றது அவள் கைக்குற்றம் இல்லை. பாட்டி அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இந்த ஒன்றையாவது சொல்லியிருப்பேன். அக்கா மீனை வேகவைத்தே கொடுத்ததற்கும் காரணம் கிடைத்தது. பச்சை மத்தியில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. வெந்தால் அது செத்துப்போகும். அக்காவைக் கேட்டிருந்தால் “பச்சையா தின்னா பித்தம்” என்றிருப்பாள்.

இதையெல்லாம் இப்போது கிளறுவதற்குக் காரணம் அண்ணன் மகள். இங்கிலாந்தில் இருக்கிறாள், ஃபெரட் வளர்க்கிறாள். பார்க்கக் கீரி மாதிரி, ஆனால் கீரிக்குச் சொந்தமில்லை. நம் நீர்நாயின் குடும்பம். முயல் வேட்டைக்கென்று ஐரோப்பாவில் ஈராயிரம் வருஷத்துக்கும் மேலாக மனிதரோடு இருக்கும் பிராணி. “சித்தப்பா, இது ரொம்ப இளைச்சுப் போச்சு, என்ன கொடுத்தாலும் ஏறமாட்டேங்கிறது” என்று போன் செய்தாள். என்ன கொடுத்தாய் என்றேன். வாழைப்பழம், திராட்சை, பாலில் ஊறவைத்த ஓட்ஸ். கல்பாத்தி ரத்தம் எங்கே போகும்!

முதலில் டாக்டரிடம் ஓடு என்றேன். ஃபெரட்டுக்குக் கணையத்திலும் அட்ரீனல் சுரப்பியிலும் கட்டி வருவது சகஜம். மெலிவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். அப்படி ஒன்றுமில்லை என்று தெரிந்தது. பிறகு அவள் சொன்னதைக் கேட்கக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. பூனையை விடப் பெரிய மாமிசப் பட்சிணி. குடல் குட்டை, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் சின்னச் சின்ன வேளையாக நாள் முழுக்கத் தின்ன வேண்டும். இனிப்பும் மாவும் ஆகாது. வெயில் காலத்தில் தானே இளைக்கும், குளிரில் தானே பருக்கும். அங்குள்ள டாக்டர் எழுதிக் கொடுத்தது: கோழியை வேகவைத்து, சாறோடு அரைத்து, வெதுவெதுப்பாக, கரண்டியில், இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், வாரம் ஒரு முறை எடை. “அடுப்படியில படுக்க விடு” என்று மட்டும் நான் சேர்த்தேன். அவள் வீட்டில் அடுப்பு மின்சாரம்.

அம்முவை நான் திரும்பக் கூட்டி வரவில்லை. ஜூன் முதல் தேதி பள்ளிக்கூடம். கிளம்பும் நாள் காலை லயத்துக்குப் போனேன். தகரக் கூரைமேல் உட்கார்ந்து எலி பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதற்கு ஒரு காது மட்டும் திரும்பியது. அக்கா, “இங்கனயே கெடக்கட்டும் தம்பி, எலித் தொல்லைக்கு ஆச்சு” என்றாள்.

அந்த வருஷம் தேருக்கு அத்தை வந்திருந்தாள். ரதங்கள் எல்லாம் கூடிவிட்டுப் போன சாயங்காலம், திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பாட்டி கேட்டாள்.

“அது எப்படி இருக்கு?”

“நாலு கிலோ ஆயாச்சு அம்மா. தரையில வயிறு படறது.”

“எந்தா கொடுக்கறாய்?”

அத்தை என்னைப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

“பால்தான், அம்மா. பாலும் சாதமும்.”

பாட்டி நெடுநேரம் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு, “பின்னே? சுவிஸ் மாடாச்சே” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய், அத்தை ஊருக்கு எடுத்துப் போகும் பையில் பெரிய எலுமிச்சம்பழமாகப் பார்த்து ஒரு டஜன் எடுத்து வைத்தாள்.